யாழ்ப்பாணம் வர எந்த வழி: கட்டுநாயக்காவா, பலாலியா, காங்கேசன்துறைக் கப்பலா?

ஆனி மாதம் பிறந்தால் எனக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஊருக்கு வர நினைக்கிறவர்கள், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்து ரிக்கெற் தேடுகிறவர்கள், கன காலத்துக்குப் பிறகு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். போன கிழமை லண்டனிலிருந்து பெரியம்மாவின் மகள் எடுத்தாள். "அண்ணா, கொழும்புக்குப் போட்டால் ஒரே பிளைட்டில வந்திடலாம். ஆனால் சென்னைக்குப் போட்டுப் பலாலியால வந்தால் வீட்டு வாசலில இறங்கலாம் எண்டு இவர் சொல்லுறார். எதால வாறது நல்லம்?"

நான் யாழ்ப்பாண நகருக்குக் கிட்டக் கொண்டாவிலில் இருக்கிறேன். வருகிறவர்களை ஏற்ற எங்கள் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியின் வாசலிலும் நின்றிருக்கிறேன், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவின் வருகைக் கூடத்துக்கு வெளியே விடிய விடியவும் நின்றிருக்கிறேன். அவளுக்கு நான் திருப்பிக் கேட்டது இரண்டு கேள்வி: கடைசியாக எத்தனை மணிக்குத் தரையிறங்குவீர்கள்? கூட வருகிறது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வழி தானாகத் தெரியும். ரிக்கெற் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பிறகு பணத்தாலோ உடம்பாலோ அதைக் கட்டியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் மொத்த நேரம். லண்டன் வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்திலிருந்து யாழ்ப்பாண வீட்டில் செருப்பைக் கழற்றும் நேரம் வரை கணக்கெடுக்க வேண்டும். விமானம் பறக்கும் நேரம் அதில் ஒரு பகுதிதான்.

அடுத்தது, கடைசிக் கட்டப் பயணம் பகலிலா இரவிலா என்பது. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, ரிக்கெற் ஒன்றா இரண்டா. ஒரே ரிக்கெற்றில் முதல் விமானம் பிந்தினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் பிந்தியது உங்கள் பாடு. பொதியையும் நீங்களே எடுத்துத் திரும்பப் போட வேண்டும்.

அப்புறம் பொதியின் கிலோ, விசா, நகை, நடக்கக் கஷ்டப்படுகிறவர்கள் கூட வருகிறார்களா என்பது. நகையை ஏன் இதில் சேர்க்கிறேன் என்பது சென்னைப் பகுதியில் புரியும்.

## கட்டுநாயக்கா யாருடைய கையில் இருக்கிறது

வழியைத் தேர்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கவுண்டருக்குப் போவது என்று தெரியாமல் விடியப்புறத்தில் அலைகிற ஆட்கள் நிறையப் பேர்.

கட்டுநாயக்கா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை போட்ட ஓடுதளம். இலங்கையின் முதல் விமான நிலையம் கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானைதான். பெரிய ஜெட் விமானங்கள் வந்த பிறகு நீண்ட ஓடுதளம் தேவைப்பட்டது, அதற்கு வடக்கே இருந்த கட்டுநாயக்கா பொருந்தியது. 1970இல் பண்டாரநாயக்க பெயர் வந்தது, இடையில் அது எடுபட்டது, 1995இல் திரும்ப வந்தது. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் கட்டுநாயக்காதான்.

இப்போது இதை நடத்துவது 1983இல் உருவான ஓர் அரச கம்பனி. பெயர் விமான நிலையம் மற்றும் விமான சேவைகள் கம்பனி. கட்டடம், ஓடுதளம், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு எல்லாம் அதன் பொறுப்பு. மத்தள, இரத்மலானை, மட்டக்களப்பு, எங்கள் பலாலி ஆகியவையும் அதே கம்பனியின் கீழ்தான். அவற்றில் ஆள் நிறைய வருவதும் வருமானம் பெரிதாக வருவதும் கட்டுநாயக்காவில்தான், மற்றவை அதன் தோளில் நிற்கின்றன.

ஆனால் உள்ளே நீங்கள் சந்திக்கிற எல்லாரும் அந்தக் கம்பனியின் ஆட்கள் இல்லை. பாஸ்போட்டில் முத்திரை குத்துவது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். பெட்டியைத் திறக்கச் சொல்வது சுங்கத் திணைக்களம். விமானத்திலிருந்து பெட்டியை இறக்கிப் பட்டிக்குக் கொண்டுவருவது, நீங்கள் எந்த நாட்டு விமானத்தில் வந்திருந்தாலும், ஸ்ரீலங்கன் விமான சேவையின் தரைச் சேவைப் பிரிவு. ஆகவே பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையக் கம்பனியின் தகவல் மேசையில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை. பட்டி இருக்கிற கூடத்திலேயே உள்ள பொதி விசாரணைக் கவுண்டரில், வெளியே வருவதற்கு முன், எழுதிக் கொடுத்து இலக்கம் வாங்க வேண்டும். என் சித்தப்பா ஒருவர் களைப்பில் அப்படியே வெளியே வந்துவிட்டார். பிறகு அந்தப் பெட்டிக்காக இரண்டாம் முறை கட்டுநாயக்கா போய்வர வேண்டியிருந்தது. பெட்டி கிடைத்தது, ஆனால் போகவர இரண்டு நாள் போய்விட்டது.

நெரிசலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இப்போதுள்ள முனையம் ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளுக்கென்று அமைந்தது. 2018இல் வந்து போனவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். இரண்டாவது பெரிய முனையத்துக்கு ஜப்பானின் கடனுதவி கிடைத்து, 2020இல் ஒப்பந்தமும் எழுதப்பட்டு வேலை நடந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்ததோடு அந்த வேலை நின்றது. ஓடுதளமும் ஒன்றே ஒன்று, 3,350 மீற்றர். 2017இல் அதைப் புதுப்பிக்க மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடினார்கள். மாற்றுத் தளம் இல்லாததால் விமானங்களெல்லாம் இரவுக்குத் தள்ளப்பட்டன.

## வழி ஒன்று: கட்டுநாயக்காவில் இறங்கித் தரைவழியாக

நன்மைகள் தெளிவானவை. லண்டன், பாரிஸ், சிட்னி, மெல்பேர்ண் ஆகிய இடங்களிலிருந்து நேரே பறந்து வரலாம். கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு வளைகுடா வழியாக ஒரே ரிக்கெற்றில் நிறையத் தெரிவுகள். நீண்டதூர ரிக்கெற்றில் 30 கிலோவோ, 23 கிலோவில் இரண்டு பெட்டியோ கொண்டுவர விடுவார்கள், அது நேரே உங்களோடு வந்து இறங்கும். இந்திய விசா பற்றிய கதையே இல்லை.

விலை கொடுக்க வேண்டியது இறங்கிய பிறகு. வளைகுடாவிலிருந்து வருகிற விமானங்கள் நிறைய நடுச்சாமம் தாண்டி விடிவதற்குள் வந்திறங்கும். அந்த நேரத்தில் வருகைக் கூடத்துக்குள் போனவர்களுக்குக் காட்சி மறக்காது. குடிவரவு தாண்டியதும் இருபக்கமும் தீர்வையற்ற கடைகள். வாசனைத் திரவியக் கடைக்குப் பக்கத்தில் சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் அடுக்கியிருக்கும். இரண்டு மூன்று வருடம் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள் அங்கேயே வாங்கி, தங்கள் உயரத்துக்குப் பெட்டியை ட்ரொலியில் நிறுத்தித் தள்ளிக்கொண்டு வருவார்கள். வெளியே குருநாகலிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வான் பிடித்து வந்த குடும்பம் காத்திருக்கும். அந்தப் பெட்டிகளுக்கு நடுவே எங்கள் ஆட்கள் சிவப்பு ரிபன் கட்டிய சூட்கேசைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் முடிந்து வெளியே வர இறங்கியதிலிருந்து ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி யாழ்ப்பாணம். 350 கிலோமீற்றருக்கும் மேல். ஆறு மணி நேரத்தில் வந்தவர்களும் உண்டு, எட்டு மணி நேரம் எடுத்தவர்களும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. 2013இல் திறந்த அதிவேக வீதி உங்களைத் தெற்கே கொழும்புக்குக் கொண்டுபோகும். யாழ்ப்பாணத்துக்கு நீங்கள் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம் என்று வடக்கே போக வேண்டும். வெள்ளவத்தையில் ஆட்களைப் பார்க்க வேண்டியிருந்தால் தவிரக் கொழும்புக்குப் போய்த் திரும்புவது வீண் அலைச்சல்.

தரைவழியில் மூன்று தெரிவு.

வான். நான்கு பேருக்கு மேல் வந்தால், பெட்டிகளையும் சேர்த்தால், வான்தான் வசதி. ஆளுக்குப் பிரித்தால் செலவும் தாங்கும். ஆனால் ஊரிலிருந்து வரும் வானுக்குப் போகவர இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் காசு. விமானம் பிந்தினால் காத்திருப்புக்கும் கேட்பார்கள், அது நியாயமும்தான்.

வானில் மறைந்திருக்கிற பெரிய விலை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து உங்களை ஏற்ற வருகிற சாரதி முதல்நாள் பகல் முழுக்க ஓடி வந்தவர். நடுச்சாமத்தில் நீங்கள் இறங்கும்வரை வானுக்குள் இருக்கையைச் சரித்துக் கண் மூடியிருப்பார். அதை நித்திரை என்று சொல்ல முடியாது. பிறகு விடியப்புறம் இரண்டு மணிக்கு உங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். சில வருடங்களுக்கு முன் மச்சான் குடும்பத்தை ஏற்றப் போனபோது நான் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். புத்தளம் தாண்டி, இருபக்கமும் காடு. வீதியின் நடுக்கோட்டில் வலது பக்கச் சில்லு ஏறுவதைக் கண்டு அவரைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஆள் அங்கே இல்லை. தோளில் தட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் நிறுத்தி இறங்கி, போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பின்னால் மச்சானின் இரண்டு பிள்ளைகளும் ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நொச்சியாகமவில் ஒரு தேநீர்க் கடை திறந்திருந்தது. அங்கே ஒரு மணி நேரம் அவரைப் படுக்க விட்டுத்தான் கிளம்பினோம். அந்தப் பாதையில் இரவில் யானையும் குறுக்கே வரும்.

அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் சொல்வது: நடுச்சாமத்தில் இறங்கினால் அப்படியே யாழ்ப்பாணம் கிளம்பாதீர்கள். நீர்கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து 10 கிலோமீற்றர்தான். அங்கே ஓர் அறை எடுத்துக் குளித்துப் படுத்து, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். சாரதிக்கும் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். அந்தச் செலவை ரிக்கெற் விலையோடு இப்போதே கூட்டிவிடுங்கள். கூட்டிய பிறகும் கட்டுநாயக்கா மலிவாக இருந்தால் அது உண்மையிலேயே மலிவு.

இரவு பஸ். தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்களுக்கு மலிவான, நான் நம்புகிற வழி. கொழும்பிலிருந்து இரவில் கிளம்பும் சொகுசு பஸ்கள் பல நீர்கொழும்புப் பக்கத்தால்தான் வரும். முன்கூட்டியே இருக்கை போட்டு, எங்கே ஏறுகிறீர்கள் என்று நடத்துநருக்குச் சொல்லி வைத்தால் அங்கே ஏற்றுவார்கள். மாலையில் இறங்குகிற விமானத்துக்கு இது பொருந்தும், நடுச்சாமத்தில் இறங்கினால் அன்றைய பஸ் போயிருக்கும். திரும்பிப் போகும்போது இன்னும் வசதி. யாழ்ப்பாணத்தில் இரவு ஏறினால் விடியப்புறம் கட்டுநாயக்காவுக்குக் கிட்ட இறங்கிக் காலை விமானத்தைப் பிடிக்கலாம். ஆனால் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் நடத்துநரோடு வாக்குவாதம் வரும்.

ரயில். பகல் ரயிலில் வருகிற சுகம் வேறு எதிலும் இல்லை. கிளிநொச்சி தாண்டி ஆனையிறவு நீர்ப்பரப்பு தெரியும்போது வருகிறவர்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குக் கொழும்புக் கோட்டைக்குப் போக வேண்டும் (187ஆம் இலக்க பஸ் இருக்கிறது), இருக்கைகள் வெள்ளனவே தீர்ந்துவிடும், பெரிய பொதிக்கு இடமில்லை. இறங்கிய அன்றே ரயில் என்று திட்டம் போடாதீர்கள். கொழும்பில் இரண்டு நாள் நிற்கிறவர்களுக்குத்தான் அது சரி.

இரத்மலானையிலிருந்து பலாலிக்குச் சிறு விமானங்கள் அவ்வப்போது ஓடியிருக்கின்றன. கட்டுநாயக்கா நகரத்துக்கு வடக்கே, இரத்மலானை தெற்கே. கொழும்பைக் கடக்கிற நேரத்தையும் சேர்த்தால் பெரிய இலாபம் இல்லை.

## வழி இரண்டு: சென்னை அல்லது திருச்சி வழியாகப் பலாலி

பலாலிக்கு இது புதுக் கதை இல்லை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் போனது. அந்தக் காங்கேசன்துறைத் தளம்தான் பலாலி. பிறகு போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற, சுற்றியுள்ள காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்தார்கள். சில மாதங்களில் கொரோனாவால் சேவை நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் முடிவில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது.

வந்திறங்குகிற அனுபவத்துக்கு ஈடில்லை. பறப்பு ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். கடல் முடிந்த கையோடு பனைகளும் செம்மண் தோட்டங்களும் தெரியும், சில்லு தரையில் பட்டுவிடும். சிறிய கட்டடம், ஒரே ஒரு விமானத்தின் ஆட்கள், வரிசை நீளமில்லை. வெளியே வந்தால் யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீற்றருக்குள். போன வருடம் மாமி ஒருவர் பின்னேரம் இறங்கினார். அவருக்கென்று வீட்டில் ஊற்றி வைத்த தேநீரைச் சூடாக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடுதளம் கட்டை என்பதால் வருவது 78 இருக்கை கொண்ட ஏ.ரி.ஆர் 72 வகை விமானம். பெரிய விமானம் வர ஓடுதளத்தை நீட்ட வேண்டும், நீட்டக் காணி வேண்டும். அந்தக் காணிகளுக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் திரும்பிப் போகக் காத்திருக்கிறவர்கள். பலாலி வளர வேண்டும் என்று ஆசைப்படுகிற நான், அவர்களில் சிலரோடு ஒரே ஒழுங்கையில் வாழ்கிறவன். இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்க முடிகிறது.

சரி, இனி மறைவான செலவுகள். இந்த வழியில் அவைதான் அதிகம்.

முதலாவது சென்னையில் காத்திருப்பு. ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிற பெரிய விமானங்கள் சென்னையில் பெரும்பாலும் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் வந்து போகின்றன. பலாலி விமானம் பகலில். இடையில் பல மணி நேரம். பிள்ளைகளோடு அதைக் கதிரையில் கழிக்க முடியாது, அறை எடுக்க வேண்டும்.

அறை எடுக்க வெளியே போக வேண்டும், வெளியே போக விசா வேண்டும். தனித்தனி ரிக்கெற் என்றால், வெளியே போகாவிட்டாலும் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுவதற்கே இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு விசா, கைக்குழந்தைக்கும் ஒன்று. 30 நாள் இ-விசாவில் இரண்டு முறை நுழையலாம், ஆனால் முதல்முறை நுழைந்த நாளிலிருந்து 30 நாள்தான் செல்லும். ஐந்து கிழமை லீவில் வந்து, திரும்பவும் சென்னையால் போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் ஒரு வருட விசாவைத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கிலோ. பெரிய விமானத்தில் 46 கிலோ கொண்டுவந்தவருக்குச் சிறிய விமானத்தில் அவ்வளவு தரமாட்டார்கள். தனி ரிக்கெற் என்றால் மேலதிகக் கிலோவுக்குச் சென்னைக் கவுண்டரில் நின்று காசு கட்ட வேண்டும். திரும்பிப் போகும்போது மிளகாய்த்தூள், ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி என்று பெட்டி இன்னும் கனக்கும். ரிக்கெற் போடும்போதே கிலோவை வாங்கிவிடுவது நல்லது.

நான்காவது நகை. கலியாண வீட்டுக்கு வருகிற பெண்கள் கவனமாகக் கேளுங்கள். சென்னையில் குடிவரவைத் தாண்டினால் இந்தியச் சுங்கச் சட்டம் உங்கள் கழுத்துக்கும் பொருந்தும். எங்கள் தாலிக்கொடியின் கனம் அங்குள்ள அதிகாரிகளுக்குப் பழக்கமில்லாதது. சென்னை விமான நிலையத்தில் ஈழத்துப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சுங்கம் எடுத்துவிட, அதைத் திருப்பிக் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் உத்தரவிட வேண்டியிருந்தது. நீதிமன்றம் போய் வென்றாலும் அந்தக் கலியாணத்துக்குக் கொடி கழுத்தில் இருக்காது. கனமான நகையோடு வருகிறவர்கள் இறங்கியதும் சுங்கத்தில் சொல்லிப் பதிந்து, திரும்பக் கொண்டுபோவதற்கான தாளை வாங்குங்கள். அதற்கு மனமில்லை என்றால் கட்டுநாயக்காவால் வாருங்கள்.

கடைசியாக, விமானம் ரத்தானால். கார்த்திகை, மார்கழி மழையில் இது நடக்கும். அடுத்த விமானம் வரும்வரை சென்னையில்தான் நிற்க வேண்டும், அல்லது அன்றே கொழும்பு விமானம் ஒன்றில் ஏற வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரு நாளில் பல விமானங்கள் இருக்கின்றன.

முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு சொல். ஏ.ரி.ஆர் விமானத்துக்குப் பின்கதவுப் படியால் ஏறி இறங்க வேண்டும். படிகள் கொஞ்சம்தான், ஆனால் ஒடுக்கம். ரிக்கெற் போட்ட கையோடு சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிந்து வையுங்கள். அந்தச் சில படிகளையும் தாண்டிவிட்டால் அவர்களுக்கு மிச்சமிருப்பது அரை மணி நேரக் கார்ப் பயணம். கட்டுநாயக்காவில் இறங்கினால் எட்டு மணி நேரம் காலை மடக்கி இருக்க வேண்டும்.

திருச்சி வழியைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சென்னையைவிட அது நல்லது. 2024இல் திறந்த புது முனையம் விசாலமானது, நகரமும் கிட்ட. திருவரங்கமோ சமயபுரமோ கும்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு நாள் நின்று வருவது அலைச்சலாகத் தெரியாது.

## வழி மூன்று: நாகபட்டினத்திலிருந்து கப்பல்

இதைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன். 2023 ஒக்டோபரில் தொடங்கி ஒரு கிழமையில் நின்று, 2024 ஆவணியில் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்ப வந்த சேவை. சுமார் 110 கிலோமீற்றர் கடல், ஏறத்தாழ நான்கு மணி நேரம், காங்கேசன்துறையில் இறக்கிவிடும். மழைக்காலத்தில் ஓடாது, மற்றக் காலத்திலும் காற்றுக் கூடினால் நிற்கும். வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வருகிறவர்கள் இதை நம்பித் திரும்பும் ரிக்கெற் போடக் கூடாது. தமிழ்நாட்டில் கோயில் சுற்றிக்கொண்டிருக்கிறவர்களுக்கும், நேரம் நிறைய வைத்திருக்கிறவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்தே யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்களுக்கும் இது அருமையான வழி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கட்டுநாயக்கா + வீதி | சென்னை/திருச்சி + பலாலி | நாகபட்டினம் + கப்பல் |
|---|---|---|---|
| கடைசிக் கட்டம் | 6–8 மணி நேரம் | விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல், கார் அரை மணி நேரம் | கடலில் ஏறத்தாழ 4 மணி நேரம் |
| இந்திய விசா | வேண்டாம் | தனி ரிக்கெற் என்றால் எல்லாருக்கும் வேண்டும் | வேண்டும் |
| பொதி | நீண்டதூரக் கிலோ முழுதும் | சிறிய விமானத்தின் அளவு | முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும் |
| மறைவான செலவு | நீர்கொழும்பு அறை, வான் காத்திருப்பு | சென்னை அறை, மேலதிகக் கிலோ, நகைக் கவலை | காலநிலையால் நாள் தள்ளிப்போதல் |
| பிந்தினால் | பஸ், வான், ரயில் என்று மாற்று உண்டு | அடுத்த விமானம் அல்லது கொழும்பு | கொழும்போ பலாலியோ விமானம் |

## யாருக்கு எது

சின்னப் பிள்ளைகள், நிறையப் பெட்டி, கலியாண நகை, ஐந்தாறு பேர்: கட்டுநாயக்கா. காலையிலோ முற்பகலிலோ இறங்குகிற விமானமாகத் தேடுங்கள். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் நீர்கொழும்பில் படுங்கள்.

வயதான அம்மா அப்பா, முதுகு வருத்தம், கையில் ஒரு பெட்டி: பலாலி. சென்னையிலோ திருச்சியிலோ ஓர் இரவு நல்ல அறையில் படுத்து எழும்பி வரட்டும். விசாவும் அறையும் சேர்ந்து செலவு கூடும், அந்தச் செலவு பெறுமதியானது.

மரண வீட்டுக்கு ஓடி வருகிறவர்கள் பலாலியை நம்ப வேண்டாம். இந்திய விசாவுக்கு நேரமிருக்காது, அன்றைய விமானத்தில் இருக்கை கிடைக்கும் என்று சொல்லவும் முடியாது. கட்டுநாயக்காவுக்கு முதலில் கிடைக்கிற விமானத்தில் ஏறுங்கள். கொழும்பில் இருக்கிற, அன்று இரவு தூங்கி எழும்பிய ஒரு சாரதியை இங்கிருந்தே ஒழுங்கு செய்ய முடியும். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இரவில் வரவேண்டி வந்தால், அப்படி ஓய்வெடுத்த இரண்டு சாரதிகளோடு வாருங்கள்.

தனியாக வருகிற இளம் ஆட்கள் எதாலும் வரலாம். மாலையில் இறங்கி இரவு பஸ் பிடிப்பதுதான் மலிவு.

இலங்கைக் குடியுரிமையையும் வைத்திருக்கிறவர்கள் எந்த வழியால் வந்தாலும் இலங்கைப் பாஸ்போட்டை மறக்க வேண்டாம். வெளிநாட்டுப் பாஸ்போட் மட்டும் உள்ளவர்கள் இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்திலேயே எடுத்துவிட்டு வாருங்கள். கட்டுநாயக்காவுக்கும் பலாலிக்கும் அது ஒன்றுதான்.

பெரியம்மாவின் மகளுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அவளோடு வருவது அவளின் கணவரும் இரண்டு பிள்ளைகளும் 78 வயதுப் பெரியம்மாவும். ஆறு பெட்டி. இரண்டாகப் பிரியச் சொன்னேன். கணவர் பிள்ளைகளையும் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து நேரே கட்டுநாயக்கா வந்து, நீர்கொழும்பில் கடலில் ஒரு நாள் குளித்துவிட்டு, பகலில் வானில் வரட்டும். அவள் பெரியம்மாவோடு சென்னை வந்து, ஓர் இரவு படுத்து, அடுத்த நாள் பலாலியில் இறங்கட்டும். தாலிக்கொடியைக் கணவரின் கைப்பையில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவுக்குச் சக்கர நாற்காலி பதிந்தாயிற்று. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வருகிறார், பலாலிக்குப் பக்கத்து மயிலிட்டியில் பிறந்தவர். ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.